முகப்பரு: பழியும் உண்மையும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற நலவாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்பது பொது வழக்கு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ முகப்பரு. ‘இதற்கொரு மேடையா, இதற்கோர் உரையா?’ என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதின்பருவத்து முகங்களுக்கு எதிரே நின்று பாடம் சொன்னவன். நன்கு படிக்கும் பெண்ணைச் செய்யுள் ஒப்பிக்க எழுப்பினால், கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டே நிற்பாள். நாடகத்தில் நடிக்கத் தெரிவு செய்த பையன், ‘முகமெல்லாம் பரு, ஐயா, வேறு யாரையாவது போடுங்கள்’ என்று ஒதுங்கிக்கொள்வான். இத்தகைய பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தனர். அவர்களை வருத்தியது பரு மட்டுமன்று. பருவுக்கு நாம் கற்பித்த காரணங்களே அவர்களை மிகுதியும் வருத்தின.

நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்களை எண்ணிப் பாருங்கள். ‘முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லை.’ ‘வாயைக் கட்டுவதில்லை.’ ‘மனம் எங்கோ அலைகிறது.’ இம்மூன்றும் காரணம் போலத் தோன்றினும் உண்மையில் குற்றச்சாட்டுகளே. முதலாவது தூய்மை இல்லை என்கிறது; இரண்டாவது நாவடக்கம் இல்லை என்கிறது; மூன்றாவது மனவடக்கமே இல்லை என்கிறது. காலில் ஒரு கட்டி எழுந்தால் உடம்பைப் பார்க்கிறோம். கன்னத்தில் ஒரு பரு எழுந்தால் ஒழுக்கத்தைப் பார்க்கிறோம். இந்தப் பழி பொய் என்பதையும், இந்தப் பழியே பிள்ளைகளைப் பெருந்தீங்கு ஒன்றின்பால் தள்ளுகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பரு என்பது யாது?

பருத்து எழுவதால் அது பரு. ‘பருவம்’ என்னும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால், பருவத்தில் வருவது பரு என்று நயம்படச் சொல்வாரும் உளர். அவ்விளக்கம் சொல்லளவில் எப்படியிருப்பினும், பொருளளவில் உண்மைக்குத் தொலைவில் இல்லை.

நம் தோலில் மயிர்க்கால்தோறும் சிறு எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் இச்சுரப்பிகள் பெரியனவாகவும் மிகுதியாகவும் உள்ளன. பூப்பெய்தும் பருவத்தில் ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவற்றின் ஏவலால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய தோலணுக்கள் உதிராமல் ஒட்டி, வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், இயல்பாகவே நம் தோலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது. உடலின் காப்புப் படை அங்கே திரள்கிறது. சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. இதுவே பரு. யாருக்கு எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. தாய்தந்தையர் இருவர்க்கும் கடுமையாக வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிகுதி.

இது அரிய நோயும் அன்று. 12 முதல் 24 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு ஏதேனும் ஓரளவில் வருவது. எனவே, பரு வந்த பிள்ளை விதிவிலக்கு அல்லள். வாராத பிள்ளையே விதிவிலக்கு.

சூடுதான் காரணமா?

நம் ஊரில் முதலில் கேட்கும் சொல் ‘உடம்புச் சூடு’ என்பதே. ‘போடி வெயிலுக்குப் பரு வராமல் என்ன செய்யும்? மலைக்குப் போய் நான்கு நாள் இருந்தால் அடங்கிவிடும்’ என்பர். சற்றே எண்ணிப் பாருங்கள். போடிமெட்டிலும் அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளிலும் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் ஆண்டு முழுதும் குளிரிலும் மூடுபனியிலும் வளர்பவர்கள். வெப்பமே காரணம் என்றால் அவர்கள் முகத்தில் பரு இருத்தல் ஆகாது. இருக்கிறதே!

மறுபக்கத்தையும் காண்போம். பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்னும் தீவு, நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள வெப்பத் தீவு. அங்கு 1,200 பேரை ஆய்வாளர் நேரில் பார்த்து, 2002-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். பதின்பருவத்தினரும் இளைஞரும் உட்பட ஒருவர் முகத்திலும் பரு காணப்படவில்லை. குளிர்மலையில் பரு உண்டு. வெப்பத்தீவில் பரு இல்லை. ஆக, சூட்டின் மேல் ஏற்றிய குற்றம் நிலைபெறவில்லை.

மாம்பழத்தின் மேல் சுமத்தும் பழியும் இவ்வகையினதே. நம் பக்கத்துத் தோப்புகளில் மாம்பழம் குவியும் காலம் கோடை. வியர்வையும் புழுக்கமும் மிகுந்து தோலில் கட்டிகள் தோன்றும் காலமும் கோடை. ஒரே காலத்தில் வரும் இரண்டினுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட்டோம். மேலும், வேனற்கட்டி வேறு, முகப்பரு வேறு. வேனற்கட்டி கிருமித் தொற்றால் எழுவது; பருவோ முன்னே சொன்ன சுரப்பியின் செயலால் எழுவது.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வியர்வையும் உராய்வும், ஏற்கெனவே பரு உள்ள தோலைத் தூண்டக்கூடும். ஏலத்தோட்டத்தில் நெற்றியை இறுக்கித் துணி கட்டிக்கொண்டு நாள் முழுதும் உழைக்கும் பெண்களுக்கும், தலைக்கவசத்தின் வார் தாடையில் அழுந்த வண்டி ஓட்டும் இளைஞருக்கும், அழுந்தும் இடத்தில் பரு மிகுவதுண்டு. துணியைச் சற்றுத் தளர்த்திக் கட்டுதலும், நாள்தோறும் துவைத்து உடுத்தலும், வேலை முடிந்ததும் வியர்வையைக் கழுவுதலும் போதும்.

அழுக்குதான் காரணமா?

பருவின் தொடக்க நிலையில் கருநிறப் புள்ளிகள் தோன்றும். அவற்றைக் காண்போர் அழுக்கு என்றே கருதுவர். கல்லில் துணியைத் துவைப்பது போலத் தேய்க்கச் சொல்வர். அக்கருமை அழுக்கன்று. மயிர்க்காலின் வாயில் அடைபட்ட பொருள் காற்றுப் பட்டு மாறுவதாலும், தோலின் நிறப்பொருளாலும் உண்டாகும் கருமை அது. ஊற்று உள்ளே இருக்க, வெளியே எத்தனை முறை தேய்த்தாலும் என்ன பயன்? மிகுதியாகத் தேய்த்தால் தோல் புண்பட்டுப் பரு பெருகவே செய்யும். நாளொன்றுக்கு இருமுறை மென்மையான சோப்பினால் கழுவினால் போதும்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சுண்ணாம்பு இவற்றைப் பரு மேல் தடவுவது இன்றும் நடக்கிறது. இவை பருவை ஆற்றுவன அல்ல, தோலைச் சுடுவன. பரு மூன்று நாளில் மறைந்திருக்கும். சுட்ட வடு ஆண்டுகள் பல நிற்கும். நகத்தால் கிள்ளுவதும் அவ்வாறே. பிதுக்கும்போது சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும், மறுபகுதி உள்ளே ஆழத்திற்குத் தள்ளப்படுகிறது. நிலையான குழிகள் பலவற்றைத் தோற்றுவிப்பவை நம் விரல்களே.

தலைக்கு எண்ணெய் தடவுவதைப் பற்றியும் ஒரு சொல். எண்ணெய் தலைமுடிக்கு வேண்டுவதுதான். அது நெற்றியில் வழிந்து நிற்குமாயின், மயிர்க்கால்களை அடைத்து நெற்றி ஓரத்தில் சிறு பருக்களைத் தோற்றுவிக்கும். தலைக்குத் தடவுங்கள், நெற்றியைத் துடைத்துவிடுங்கள்.

உணவின் பங்கு எவ்வளவு?

நம் முன்னோர் கூற்றில் இங்கே ஒரு பகுதி உண்மை உண்டு. ‘எண்ணெய்ப் பலகாரம் தின்றால் முகத்தில் எண்ணெய் வழியும்’ என்பது சரியன்று. உண்ட எண்ணெய் நேரே முகத்திற்கு வருவதில்லை. முகத்து எண்ணெயைச் சுரப்பியே ஆக்குகிறது. வயிறு சுத்தமாக இல்லாமையாலும் இரத்தம் கெட்டுப்போனதாலும் பரு வரும் என்பதற்கும் சான்று இல்லை. அதனை நம்பிப் பிள்ளைகளுக்குப் பேதி மருந்து கொடுப்பது வீண் துன்பம்.

ஆனால், சர்க்கரை மிகுந்த குளிர்பானம், மைதாப் பண்டம் முதலிய, குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகள் பருவைக் கூட்டக்கூடும். முன்னே சொன்ன கிட்டாவாத் தீவினர் கிழங்கும் கனியும் தேங்காயும் மீனும் உண்பவர். சர்க்கரையும் மாவுப் பண்டமும் அவர்கள் உணவில் மிக அரிது. 2007-இல் ஆஸ்திரேலியாவில், பரு உள்ள 43 இளைஞரைக் கொண்டு 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. அத்தகைய உணவைக் குறைத்தவர்க்குப் பருவும் கூடுதலாகக் குறைந்தது. பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு இருக்கலாம் எனச் சில ஆய்வுகள் சுட்டுகின்றன. உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர் சிலர்க்கு, பாலிலிருந்து எடுக்கும் புரதப்பொடியை உண்ணத் தொடங்கியபின் பரு மிகுவதையும் மருத்துவர் பதிவு செய்துள்ளனர்.

இதனால் நாம் கொள்ள வேண்டுவது யாது? இனிப்பைக் குறைப்பது எல்லார்க்கும் நன்று. பரு உள்ளார்க்கும் நன்று. ஆனால், ஒரே தட்டில் உண்ணும் அண்ணனுக்கு வாராத பரு தங்கைக்கு வருகிறது எனின், உணவு துணைக்காரணமே, முதற்காரணம் அன்று. ‘தின்றதனால் வந்தது’ என்று பந்தியில் வைத்துப் பிள்ளையைச் சுடுசொல் கூறுவதற்கு இங்கே இடமில்லை.

நினைப்பும் திருமணமும்

எல்லாவற்றினும் கொடியது மூன்றாவது குற்றச்சாட்டு. முகத்தில் பரு கண்டால், மனத்தில் யாரையோ எண்ணுகிறாள் என்று கேலி பேசுவர். பரு தோன்றும் வயதும் காதல் உணர்வு அரும்பும் வயதும் ஒன்றாயிருப்பதால் விளைந்த மயக்கம் இது. எண்ணம் எண்ணெயைச் சுரப்பதில்லை. மனக்கவலை மிகுந்தால் இருக்கும் பரு சிறிது கூடுவதுண்டு. தேர்வுக் காலத்தில் மாணவரிடம் இதனைக் காணலாம். அப்படியாயின், கேலி பேசிக் கவலையைக் கூட்டுவோர் பருவையும் கூட்டுகின்றனர் என்றே சொல்ல வேண்டும்.

‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பதும் அவ்வழிப்பட்டதே. இருபது வயதைக் கடக்கும்போது பலருக்குப் பரு தானே தணிகிறது. அவ்வயதில் திருமணமும் நடப்பதால் புகழ் திருமணத்திற்குப் போய்ச் சேர்கிறது. முப்பது, நாற்பது வயதிலும் பரு நீடிக்கும் மணமான பெண்கள் பலர் உளர். பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்மையும், முகத்தில் ரோம வளர்ச்சியும் சேர்ந்து காணப்பட்டால், அது சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம். அப்பெண்ணுக்கு வேண்டுவது மணநாள் அன்று, மருத்துவரே.

சிறு குழாயில் வரும் பெருந்தீங்கு

இனி, நான் முதலில் குறிப்பிட்ட பெருந்தீங்கிற்கு வருகிறேன். பழிச்சொல் கேட்டுக் கேட்டு மனம் நொந்த பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் சொல்லாது. தோழி ஒருத்தி சொன்ன களிம்பை மருந்துக்கடையில் வாங்கும். பெண் பார்க்க வரும் நாள் நெருங்கினால், வீட்டாரே வாங்கித் தருவதும் உண்டு. ‘ஒரு வாரத்தில் முகம் வெளுத்துவிடும்’ என்பார் கடைக்காரர். அவர் சொன்னபடியே வெளுக்கும். அதுதான் ஆபத்து.

அக்களிம்புகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. சொறி, கரப்பான் போன்ற சில தோல் நோய்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில நாள் பூசத்தக்க நல்ல மருந்து அது. முகத்தில் நாள்தோறும் பூசினால், முதலில் சிவப்புத் தணியும். நிறம் வெளுத்தது போலத் தோன்றும். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்போல் வெளியே தெரியும். தேவையற்ற முடி வளரும். முன்னிலும் மிகுதியாகப் பரு எழும். அஞ்சி நிறுத்தினால் முகம் தீப்பட்டது போல எரிந்து சிவக்கும். எரிச்சல் தாளாமல் மீண்டும் அதனையே பூசுவர். விடவும் முடியாது, தொடரவும் கூடாது என்னும் நிலை வந்துவிடும்.

இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரை ஆய்ந்து, 2011-இல் மருத்துவர் குழு ஒன்று தன் முடிவுகளை வெளியிட்டது. அவர்களுள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசியவர்கள். அதாவது ஏறக்குறைய எழுவரில் ஒருவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். பூசியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தீய விளைவுக்கு ஆளாகியிருந்தனர். அவ்விளைவுகளுள் முதன்மையானது எது தெரியுமா? முகப்பருவே! பருவைப் போக்கப் பூசினர், பருவையே பெற்றனர்.

தோல் மருத்துவர் சங்கத்தினர் விடாது முறையிட்டதன் பின், 2018-இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதி செய்தது. விதி ஏட்டில் இருக்கிறது. அதனைக் கடையில் நிலைநிறுத்த வேண்டியவர்கள் வாங்குவோராகிய நாமும்தான். களிம்பின் உறையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுட்டிகசோன், குளோபெட்டசால் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் தொடாதீர்கள். ஏற்கெனவே பல நாள் பூசிவருவோர் தாமாகத் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி விடுங்கள். இவ்வவையில் மருந்து வணிகர் இருப்பின், அவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று: சீட்டின்றிக் கேட்டு வரும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதும் ஓர் அறமே.

செய்யத்தக்கவை

பருவுக்கு நல்ல மருந்துகள் உள்ளன. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் முதலியவை மேற்பூச்சாகப் பயன்படுகின்றன. இவை ஒரு வாரத்தில் வெளுக்கச் செய்பவை அல்ல. தொடக்கத்தில் சிறிது வறட்சியும் எரிச்சலும் தரலாம். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொறுமை இழந்து பாதியில் விடுவதாலேயே பலர் ‘மருந்து பிடிக்கவில்லை’ என்கின்றனர். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. அது கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு செய்வது. ஆதலால் மருத்துவர் கண்காணிப்பின்றி ஒருபோதும் உட்கொள்ளலாகாது. வலியோடு ஆழமாக எழும் கட்டிகள், குழிவிழும் வடுக்கள், பிள்ளை வெளியே வர மறுக்கும் மனத்துயர் — இவற்றுள் ஒன்று இருப்பினும் காலம் தாழ்த்த வேண்டா. தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம்.

ஏலக்காய் வணிகத்தால் வாழும் ஊர் நம் ஊர். காயின் மேல் சொறி படர்ந்திருந்தால் ஏல மையத்தில் விலை குறையும் என்பது உங்களுக்கு நன்கு தெரியும். அச்சொறிக்குக் காரணம் இலைப்பேன் என்னும் சிறு பூச்சி. சொறி கண்ட விவசாயி, ‘ஒழுங்காக வளரவில்லையே’ என்று செடியை ஏசுவதில்லை. காரணத்தை ஆராய்கிறார், அறிந்தவரிடம் கேட்கிறார், எந்த மருந்தை எந்த அளவில் எப்போது தெளிப்பது என்று தெரிந்தே தெளிக்கிறார். இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் ஏலக்காய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அதற்காகத்தான். செடிக்குக் காட்டும் இந்த அறிவையும் பொறுமையையும் நாம் பெற்ற பிள்ளைக்குக் காட்டலாகாதா? காயைச் சல்லடையில் இட்டுத் தரம் பிரிப்பது வணிகத்திற்குத் தகும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது எவர்க்கும் தகாது.

பெற்றோர்க்கும் உற்றார்க்கும் நான் வேண்டுவது ஒன்றே. திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒரு பிள்ளையைக் கண்டவுடன், ‘என்ன, முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டது?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அக்கேள்வியை அப்பிள்ளை அன்று காலையிலேயே கண்ணாடி முன் தன்னிடம் கேட்டாயிற்று. ‘நன்றாயிருக்கிறாயா? என்ன படிக்கிறாய்?’ என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் முகத்தில் எழுந்த பரு நீங்கள் செய்த தவற்றின் அடையாளம் அன்று. உங்கள் உடல் வளர்கிறது என்பதே அதன் பொருள். மருந்து வேண்டுமாயின் மருத்துவரிடம் பெறுங்கள், வெட்கப்பட வேண்டா. கன்னத்தை மறைக்கும் கையை எடுத்துவிட்டு, கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் அக்கையை உயர்த்துங்கள்.